சென்னையில் இறங்கிய பிறகுதான் கவனம் வேண்டும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. ஆறு மாதம் சான் ஹோசேயில் உங்களோடு இருந்துவிட்டு, ஜூலை மாதம் துபாய் வழியாகச் சென்னை வந்து, அங்கிருந்து காரில் திருநெல்வேலி போகிறார்கள். அமெரிக்காவுக்கு வந்தபோது அம்மாவுக்கு இரண்டு கால்களும் வீங்கிவிட்டன, இருவருக்கும் இரண்டு வாரம் தூக்கமில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய், இரவில் இன்சுலின். அதனால் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும், தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ‘எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை, இருவரும் தனியாகத்தான் போகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களைத் துணையில்லாமல் அனுப்புவது தவறா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தவறில்லை. நீங்கள் கேட்ட இரண்டு மாத்திரைகளும் பெரும்பாலும் தேவைப்படாது. என்னைக் கவலைப்படுத்துவது விமானம் அல்ல. ‘அங்கிருந்து காரில்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த இரண்டு சொற்கள்தான்.

நான் பாளையங்கோட்டையில் பொது மருத்துவராக இருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளில் ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. ஆகவே அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் திரும்பிய பெற்றோர்களை, அவர்கள் வந்து இறங்கிய முதல் பத்து நாட்களுக்குள் பார்ப்பது என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. விமானப் பயண மருத்துவம் தனித் துறை. நான் அதில் நிபுணன் அல்ல. உங்கள் பெற்றோரை நான் பரிசோதிக்கவும் இல்லை. இங்கே எழுதுவதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டாக அல்ல.

முதலில் ரத்தக்கட்டி. மணிக்கணக்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்கால் தசை வேலை செய்வதில்லை. அந்தத் தசை சுருங்கி விரிந்தால்தான் காலின் ஆழத்திலுள்ள சிரைகளில் ரத்தம் மேலே ஏறும். அது தேங்கினால் சிலருக்கு உறைந்து கட்டியாகிறது. கட்டியின் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இதுவரை ஐயத்துக்கு இடமில்லை. எவ்வளவு பேருக்கு இது நேர்கிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வுத் திட்டமாகவே எடுத்துப் பார்த்து 2007இல் முடிவுகளை வெளியிட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. ஆனால் இரண்டு மடங்கான பிறகும், உடல்நலத்தோடு இருப்பவர்களில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். வயது, உடல் பருமன், முன்பு ஒருமுறை கட்டி வந்திருப்பது, புற்றுநோய், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவை ஒவ்வொன்றும் இந்த எண்ணைக் கூட்டும். உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு கூடும் என்று துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஆஸ்பிரின் சிரைகளில் உறையும் இந்த வகைக் கட்டிக்குச் சிறந்த தடுப்பு அல்ல. பயணத்துக்காக மட்டும் அதைத் தொடங்க வேண்டாம் என்பதே பொதுவான வழிகாட்டுதல். வயதானவர்களுக்கு அது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். அம்மா மூட்டு வலிக்கு வேறு வலி மாத்திரையும் போட்டால் இன்னும் மோசம். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்தவும் வேண்டாம். முன்பு கட்டி வந்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், சமீபத்தில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குப் பயணத்துக்கு முன் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுவது உண்டு. அது மருத்துவர் நேரில் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

பலனுக்கு ஆதாரம் இருப்பது முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறைக்குத்தான். மருந்துக் கடையில் ஸ்டாக்கிங்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதை வைத்து நடந்த பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயணத்துக்குப் பின் ஸ்கேனில் கட்டி தெரிந்தவர்களில் காலுறை அணிந்தவர்கள் மூன்றே பேர், அணியாதவர்கள் நாற்பதுக்கும் மேல். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவையெல்லாம் அறிகுறி இல்லாத கட்டிகள். காலுறை உயிரைக் காப்பாற்றுகிறது என்று அந்தப் பரிசோதனைகள் நிரூபிக்கவில்லை. ஆனால் கால் வீக்கத்தையும் அது குறைக்கிறது, செலவும் அதிகமில்லை. அம்மாவுக்கு வாங்குங்கள், காலையில் வீக்கம் இல்லாத நேரத்தில் அளவெடுத்து வாங்குங்கள். அப்பாவுக்கு வாங்கும் முன் பாதத்தில் நாடி நன்றாக இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு மருத்துவர் பார்க்கட்டும். நெடுநாள் சர்க்கரையால் பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் இறுக்கமான காலுறையே புண்ணை உண்டாக்கிவிடும், மரத்துப்போன பாதம் அதைச் சொல்லவும் சொல்லாது.

வந்தபோது அம்மாவுக்கு ஏற்பட்டது வேறு விஷயம். இரண்டு கால்களிலும் ஒரே அளவில், வலியில்லாமல், ஓரிரு நாளில் வற்றிவிடும் வீக்கம் உட்கார்ந்தே வந்ததால் இறங்கிய நீர். அதற்குப் பயப்பட வேண்டாம். அவர் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்துக்கொண்டிருந்தால் அதுவே பாதி காரணமாக இருக்கலாம். ஒரே காலில், அதுவும் கெண்டையில், வலியோடும் சூட்டோடும் வரும் வீக்கத்துக்குத்தான் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள். நம் அம்மாக்கள் ஏன் குடிப்பதில்லை என்பதை யாரும் எழுதுவதில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தால் தூங்குகிற அந்நியர் இருவரை எழுப்ப வேண்டும். அந்தச் சிறு கழிப்பறையின் கதவு எப்படித் திறக்கும் என்று தெரியாது. முழங்கால் வேறு ஒத்துழைக்காது. ஆகவே பதினாறு மணி நேரம் உதட்டை நனைத்துக்கொண்டு மட்டும் வருகிறார்கள். எழுந்து நடக்காததுதான் கட்டிக்கு முதல் காரணம். வறண்ட உடலோடு தரை இறங்குவதால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் வருகின்றன. இதற்கு மருந்து நடைபாதையோர இருக்கை. டிக்கெட் போடும்போதே இருவருக்கும் அதை வாங்குங்கள், தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். கதவு நடுவில் மடிந்து உள்ளே போகும் என்பதையும், தண்ணீர் விடும் பொத்தான் எங்கே இருக்கும் என்பதையும் போனில் ஒரு படம் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். இது அற்பமாகத் தோன்றும். என் அனுபவத்தில் ஆஸ்பிரினைவிட இது உதவும்.

சக்கர நாற்காலி உதவியைக் கேட்டு வாங்குங்கள். மொழி தெரியாத இடத்தில் வாயில் மாற்றங்களைக் கவனிக்க அதுவே நல்ல துணை. துபாய் விமான நிலையத்தில் தமிழும் மலையாளமும் தெரிந்த ஊழியர்கள் பலர் உண்டு. ஆனால் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அடுத்த விமானம் வரை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கும். அந்த இடைவேளைதான் கால் வீச நடக்க வேண்டிய நேரம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

காற்றழுத்தம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. அப்பாவால் சமதளத்தில் ஐம்பது மீட்டர் நடந்து, ஒரு மாடிப் படி ஏறி, மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் பொதுவாகக் கவலையில்லை. முடியாவிட்டால், அல்லது அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை நிரப்பாமல் கிளம்பக் கூடாது.

இப்போது அந்தக் காருக்கு வருகிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய்க்கு 15, 16 மணி நேரம். அங்கிருந்து சென்னைக்குச் சுமார் நான்கு மணி நேரம். வளைகுடா வழியாக வரும் விமானங்கள் பல சென்னையில் இறங்குவது நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில். அங்கே சித்தப்பா மகனோ மாப்பிள்ளையோ வண்டியோடு காத்திருப்பார். அவர் முந்தைய நாள் மாலையே திருநெல்வேலியிலிருந்து கிளம்பியிருப்பார். ஓட்டுநர் வாகன நிறுத்தத்தில் இருக்கையைச் சாய்த்துப்போட்டு இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்திருப்பார். பெட்டிகள் ஏறியதும் வண்டி 620 கிலோமீட்டர் திரும்பும். அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கம் கெட்ட ஓட்டுநர் நான்குவழிச் சாலையில் வேகமாகப் போவதைவிட ஆபத்தான ஒன்று இந்த முழுப் பயணத்திலும் கிடையாது. விமானப் பயணத்தின் ஆபத்துகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலைப்படுகிற குடும்பங்கள் இதைப் பேசுவதே இல்லை.

சாலை விபத்து மட்டும் அல்ல. ரத்தக்கட்டிக்கு விமானம், கார் என்ற வேறுபாடு தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அந்த ஆய்விலேயே கார், பஸ், ரயிலில் நெடுநேரம் உட்கார்ந்து வருவதிலும் ஆபத்து கூடுவது தெரிந்தது. இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தவரை மேலும் பத்து மணி நேரம் காரின் பின் இருக்கையில், காலடியில் ஒரு பையும் மடியில் ஒரு பையுமாக அடைத்துக் கொண்டுவருகிறோம். விமானத்திலாவது நடைபாதை இருந்தது. இந்த ஊரில் நான் பார்த்த கால் கட்டிகளில் சிலவற்றுக்கு விமானத்தைக் காரணம் சொன்னார்கள். என் சந்தேகம் அந்தக் கடைசிப் பத்து மணி நேரத்தின் மேல்தான். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே சென்னையில் ஒரு இரவு தங்க வையுங்கள். உறவினர் வீடானாலும் சரி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அறையானாலும் சரி. ‘வீட்டுக்குப் போய்ப் படுத்தால்தான் நிம்மதி’ என்று அப்பா சொல்வார். எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானம் இருக்கிறது. எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் வந்தே பாரத் சுமார் எட்டு மணி நேரத்தில் திருநெல்வேலி வந்துவிடும். உட்கார்ந்து வர வேண்டும், ஆனால் எழுந்து நடக்கலாம். நான் அனுப்புவதானால் இரவு ரயிலில் கீழ்ப் படுக்கைதான்: கால் நீட்டிப் படுத்து வரலாம், படுக்கிற நேரமும் ஊர் நேரத்துக்குப் பொருந்தும். விமானம் தாமதமானால் ரயில் போய்விடுமே என்பதற்காகத்தான் நடுவில் ஒரு நாள். காரே வேண்டும் என்றால், பகலில், தூங்கி எழுந்த ஓட்டுநரோடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி.

அடுத்தது இன்சுலின். ஜூலையில் கலிபோர்னியாவுக்கும் இந்தியாவுக்கும் நேர வித்தியாசம் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. சான் ஹோசேயில் இரவு 10 மணி என்பது திருநெல்வேலியில் மறுநாள் காலை 10:30. அப்பா வழக்கம்போல் இரவு 10 மணிக்கு, பறந்துகொண்டிருக்கும்போதே ஊசி போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர் உடல் கேட்பது இந்திய நேரம் காலை 10:30க்கு. ஆனால் இனி அவர் போட வேண்டியது இந்திய இரவு 10 மணிக்கு. காலையில் விட்டுவிட்டு இரவில் போட்டால் இடைவெளி முப்பத்தைந்தரை மணி நேரமாகிவிடும், சர்க்கரை ஏறும். காலையிலும் முழு அளவு, அன்றிரவே மறுபடியும் முழு அளவு என்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விடியற்காலையில் சர்க்கரை அதளபாதாளத்துக்குப் போகும். பல மருத்துவர்கள் நடுவில் பாதி அளவு போடச் சொல்வார்கள். எந்த இன்சுலின், அது எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்பதைப் பொறுத்து இது மாறும். கலப்பு இன்சுலினானால் கணக்கே வேறு. அவருடைய மருத்துவரிடம் மணியும் அளவும் போட்ட ஒரு தாளை வாங்கிவிடுங்கள். அதில் இரண்டு ஊர் நேரமும் இருக்கட்டும். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: ஒரு நாள் சர்க்கரை 250 இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரம் 50 இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. குழப்பம் வந்தால் இன்சுலின் அளவில் குறைவான பக்கம் சாய வேண்டும்.

உணவுக்கு முன் போடும் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ இருந்தால், உணவுத் தட்டு மடிமுன் வந்த பிறகுதான் போட வேண்டும். வண்டி மூன்று வரிசை தள்ளி நிற்கும்போது போட்டுவிட்டு, விமானம் குலுங்கி உணவு பரிமாறுவது நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகளைப் பிரிந்த துயரத்தில் முதல் உணவை அப்படியே திருப்பி அனுப்புகிற தாத்தாக்களும் உண்டு. மாத்திரையை மட்டும் கடமையாக விழுங்கியிருப்பார்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் அல்லது மிட்டாய் இருக்கட்டும், மேல்தட்டுப் பெட்டியில் அல்ல. இன்சுலினைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும், பார்வைக்குத் தெரியாது.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். நம் ஊரில் விலை குறைவு என்று பலரும் வாங்கும் குப்பியில் 40 யூனிட். அதற்கென்று 40 அளவுச் சிரிஞ்சும் தனியாக உண்டு. இங்கே பெரும்பாலும் 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அங்கிருந்து கொண்டுவந்த குப்பி மிச்சமிருக்கும், சிரிஞ்ச் தீர்ந்திருக்கும், பக்கத்துக் கடையில் பையன் சிவப்பு மூடிச் சிரிஞ்சைக் கொடுப்பான். அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மில்லி, அதாவது அமெரிக்கக் குப்பியிலிருந்து 50 யூனிட். இரண்டரை மடங்கு. மாறாக, அமெரிக்கச் சிரிஞ்சில் நம் ஊர்க் குப்பியை 20 வரை இழுத்தால் கிடைப்பது வெறும் 8 யூனிட். ஒரு வாரத்தில் சர்க்கரை 400ஐத் தொட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று வருவார்கள். அப்பா பேனா ஊசி பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் இல்லை. குப்பியும் சிரிஞ்சும் என்றால், அமெரிக்கக் குப்பி தீரும் வரைக்கும் போதுமான அமெரிக்கச் சிரிஞ்சைச் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள். அல்லது இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு இங்கே வந்து புதிதாகத் தொடங்கட்டும்.

மாத்திரைகளிலும் இதே கதைதான். திரும்பி வந்த பெற்றோர் என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்ப்பார்கள். அமெரிக்காவின் ஆரஞ்சு நிறக் குப்பிகள் நான்கு. ஓரம் கத்தரித்த நம் ஊர் அட்டைகள் ஏழெட்டு. நடுவில் மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த ஒரு டப்பா. அங்கே மருத்துவர் ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன் எழுதியிருப்பார். வீட்டு அலமாரியில் ஆறு மாதத்துக்கு முன் மிச்சமான டெல்மிசார்டன் காத்திருக்கும். இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற மருந்துகள். பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் இரண்டையும் போடுவார்கள். நான்காம் நாள் தலைசுற்றி விழுவார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, எதற்காக என்று நான்கு பத்தியில் எழுதி இருவர் பையிலும் ஒவ்வொன்று வையுங்கள். வீட்டிலிருக்கும் பழைய மருந்தையெல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே யாரையாவது விட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். பன்னிரண்டரை மணி என்பது ஏறக்குறைய கடிகாரத்தில் இருக்கக்கூடிய மிகப் பெரிய தாவல். பகல் இரவாகவும் இரவு பகலாகவும் புரண்டுவிடும். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும் என்பதால், வந்தபோது உங்கள் பெற்றோருக்கு இரண்டு வாரம் ஆனதில் வியப்பில்லை. திரும்பும்போதும் அதே அளவு ஆகலாம். கிழக்கு நோக்கிப் போவது கடினம், மேற்கு எளிது என்று சொல்வது ஆறேழு மணி வித்தியாசத்துக்குச் சரி. இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஒருவரின் கடிகாரம் முன்னால் ஓடுமா பின்னால் போகுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடலின் தூக்க ஹார்மோனான மெலட்டோனின் பலருக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, சேருமிடத்தின் படுக்கை நேரத்தில் எடுத்துக்கொண்டால். ஆனால் எழுபது வயதுக்காரர்களை வைத்து நடந்த ஆய்வுகள் குறைவு. அமெரிக்கக் கடைகளில் அது மருந்தாக அல்லாமல் துணை உணவாக விற்கப்படுகிறது. இத்தகைய குப்பிகளைக் கனடாவில் 2017இல் சோதித்தபோது, பலவற்றில் உள்ளே இருந்த அளவும் வெளியே அச்சிட்ட அளவும் பொருந்தவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்களும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்கள் சிறிய அளவில் சில நாட்கள் முயன்று பார்க்கலாம். உங்கள் அம்மாவுக்கு அதைக் கட்டாயம் கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், கூடாது என்றும் சொல்ல மாட்டேன்.

விமானத்தில் தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அல்பிரசோலாம் போட்டு எட்டு மணி நேரம் மடங்கிய காலோடு அசையாமல் கிடப்பதுதான் கட்டிக்கு நாமே விரிக்கும் பாய். எழுந்தால் தள்ளாட்டம், துபாயில் இறங்கும்போது எந்த ஊர் என்ற குழப்பம். அமெரிக்காவில் எளிதாகக் கிடைக்கும், பெயரின் முடிவில் ‘பி.எம்.’ என்றிருக்கும் இரவு நேர வலி மாத்திரைகளும் வேண்டாம். அவற்றில் இருக்கும் தூக்க மருந்து வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கும். அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். முதல் நாளே சிறுநீர்க் குழாய் போட வேண்டி வந்த ஒரு தாத்தாவின் சட்டைப்பையில் மகள் அன்பாகக் கொடுத்த அந்த நீல மாத்திரைகள் இருந்தன.

ஊருக்கு வந்த பின் செய்ய வேண்டியது எளிது, செய்ய வைப்பதுதான் கடினம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்க விடக் கூடாது. பிற்பகலில் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், திண்ணையில் உட்கார்ந்தாலும் போதும். பார்க்க வருகிற உறவுகள் மாலைக்கு மேல் வந்தால் நல்லது. இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்தால் விளக்கைப் போட்டு டி.வி. பார்க்க வேண்டாம்.

அந்த இரண்டு மணி விழிப்பில்தான் என் அடுத்த கவலை இருக்கிறது. ஆறு மாதம் தரைவிரிப்பும், இரவெல்லாம் எரியும் சிறு விளக்கும், படுக்கையறையை ஒட்டிய குளியலறையும் பழகிவிட்டது. இங்கே வழுவழு தரை, குளியலறைக்கு ஒரு படி இறக்கம், ஈரம், மின்சாரம் வேறு போகும். பாதித் தூக்கத்தில் கால் அமெரிக்க வீட்டின் கணக்கிலேயே நடக்கும். முதல் வாரத்தில் நடக்கும் இடுப்பெலும்பு முறிவு ரத்தக்கட்டியைவிட நான் அதிகம் பார்த்த விஷயம். படுக்கையிலிருந்து குளியலறை வரை செருகி எரியும் சிறு இரவு விளக்குகள் இரண்டு, கதவருகே ஒரு கைப்பிடி, வழுக்காத மிதியடி ஆகியவற்றை அவர்கள் வருவதற்கு முன்பே பொருத்திவிடுங்கள். சிறு ஞாபக மறதி இருக்கும் பெரியவர்கள் முதல் சில இரவுகளில் ‘இது யார் வீடு, பேரன் எங்கே’ என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் தூக்கம் சரியானதும் சரியாகிவிடும். பகலிலும் தொடர்ந்தாலோ காய்ச்சலோடு வந்தாலோ அப்படி விட்டுவிடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரையையும் உப்பின் அளவையும் உடனே பார்க்க வேண்டும். வீட்டைப் பற்றி ஒரு சொல்: ஆறு மாதம் தேங்கிய மேல்தொட்டித் தண்ணீரை வெளியேற்றிக் கழுவாமல் யாரும் பல் துலக்கக் கூடாது.

நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம், மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். பயணத்தால் வரும் கட்டி விமானத்திலேயே வர வேண்டும் என்பதில்லை. கூடிய ஆபத்து எட்டு வாரம் வரை தொடர்கிறது, முதல் இரண்டு வாரங்களில் அதிகம். ஒரு மாதம் கழித்து மூச்சு வாங்குகிறது என்று வரும் பாட்டியிடம், அமெரிக்காவிலிருந்து வந்தீர்களா என்று எந்த மருத்துவரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ‘இன்ன தேதியில் விமானத்தில் வந்தோம்’ என்று அவர்களேதான் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் கால் சிரைகளில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க மருத்துவருக்குத் தோன்றும். கேட்காவிட்டால் ஆஸ்துமா மருந்தோடு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

அப்பாவின் இன்சுலின் பெயர், குப்பியா பேனாவா, போடும் நேரம், அம்மா எடுக்கும் ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றை எழுதினால் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும். பரிசோதனை அறிக்கைகளைப் பொதுவில் போட வேண்டாம். அளவை நான் இங்கிருந்து எழுதித் தரவும் மாட்டேன், அது அவரைப் பார்க்கிற மருத்துவரின் வேலை. சென்னை அறையையும் ரயில் டிக்கெட்டையும் மட்டும் இந்த வாரமே போட்டுவிடுங்கள், கீழ்ப் படுக்கைகள் ஜூலையில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.